உப்பு போடாத இருபத்து மூன்று நாட்கள்

நான் நன்றாகச் சமைப்பேன் என்று எங்கள் ஊர் சலிமாவில் ஒருத்தியும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டாளுகள், வாய் நோகும். ஆனால் எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு ஒருநாளும் கூடியதில்லை, குறைந்ததுமில்லை. அந்தப் பெருமை என் மகள் லிம்பானியைச் சேர்ந்தது. ஆறு வயதிலிருந்து உப்பு போடுவது அவள் வேலை.

எங்கள் பக்கத்தில் மாதவிலக்கான பெண்ணை 'நிலாவில் இருக்கிறாள்' என்போம். நிலாவில் இருப்பவள் சமைக்கலாம், களி கிளறலாம், பரிமாறலாம். சட்டியில் உப்பு மட்டும் போடக்கூடாது. போட்டால் சாப்பிட்டவர்கள் இருமி இருமிச் சாவார்கள் என்பது பேச்சு. அதனால் அந்த நாட்களில் வயதுக்கு வராத பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு உப்பு போடச் சொல்வோம். மற்ற பிள்ளைகள் கைக்கு வந்ததை அள்ளிப் போட்டுவிட்டு ஓடிவிடும். லிம்பானி அப்படியில்லை. கரண்டியில் எடுப்பாள், கத்தியின் முதுகால் வழித்து மட்டமாக்குவாள், சட்டியின் நடுவில் கவிழ்ப்பாள், விளிம்பில் மூன்று முறை தட்டுவாள். பிறகு கரண்டியைத் துடைத்து அலமாரியில் நிமிர்த்தி வைப்பாள். அவள் முகத்தில் நான் நிறைவைப் பார்த்தது அந்த ஒரு வேலையில்தான். எனவே என் சுத்தமான நாட்களிலும் அதை அவளிடமே விட்டுவிட்டேன்.

அவளுக்கு ஏழு வயதானபோது தலைநகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அவளோடு அரை நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, இதற்கு ஆட்டிசம் என்று பெயர் என்றார். பேயுமில்லை, சாபமுமில்லை, பிள்ளையின் அமைப்பே அப்படி என்றார். அதுவரை என்னையும் என் புருஷன் லைசனையும் ஊர் கேட்காத கேள்வியில்லை. பெயர் கிடைத்ததும் எனக்கு உயிர் வந்தது. அவள் ஒரு மழைக்காலம் முழுக்க ஒற்றைக் காலில் மட்டும் ரப்பர் பூட்ஸ் போட்டுத் திரிந்தாள். அவள் பழக்கம் என்றேன். கோழி கூவினால் காதைப் பொத்திக்கொண்டு பாய்க்கு அடியில் போனாள். அவள் பழக்கம் என்றேன். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஊர் வாயை அடைத்தேன். கடைசியில் அதே சொல் என் கண்ணையும் அடைத்துவிட்டது.

பதினான்காம் வயதில், பிப்ரவரி மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் வயதுக்கு வந்தாள். இந்த விஷயத்தைத் தாய் மகளிடம் பேசும் வழக்கம் எங்களிடம் கிடையாது. பேசுவதற்கென்று வேறு ஒரு பெண் வேண்டும். மகளின் துணியைத் தாய் கண்ணால் பார்ப்பதுகூடத் தப்பு, பார்த்தால் அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை தங்காது என்பார்கள். என் அக்கா டொரிகாவைக் கூட்டிவந்தேன். அவள் வாய்க்கு இந்த ஊரே பயப்படும். எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். அவளையும் லிம்பானியையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, நான் கூரைக்கடியில் உட்கார்ந்து பூசணிக்கீரைக்கு நார் உரித்தேன். உள்ளே என்ன பேச்சு என்று காது கொடுக்கவில்லை. அதுதான் மரியாதை என்று நினைத்தேன். என் மகள் காதில் ஒரு சொல் எப்படி விழும், எப்படித் தங்கும் என்பது உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட நான் வெளியே உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்கா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"உன் பொண்ணு என்னையே மடக்குறாடி. 'நிலாவுல இருக்கேன்னு சொல்றீங்க, நான் பாயில தானே இருக்கேன்'ங்குறா. ஆனா சொன்னதையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லிட்டா, ஒண்ணு விடல. இத்தனை பொண்ணுங்கள்ல இப்படி ஒருத்திய நான் பாத்ததில்ல."

நான் பூரித்துப் போனேன். அந்தத் தடவை ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் உப்புக்கரண்டியை அவள் அலமாரியில் கவிழ்த்தே வைத்திருந்தாள். ஆறாம் நாள் அவளே எடுத்து, வழித்து, போட்டு, மூன்று முறை தட்டினாள். ஊரில் எல்லாப் பெண்களுக்கும் நடப்பதுபோல என் மகளுக்கும் நடந்துவிட்டது என்று அன்று இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டேன்.

மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் ஒன்றும் வரவில்லை. ஜூன் எட்டாம் தேதி கரண்டி மறுபடி கவிழ்ந்தது. சரி என்று நானே உப்பு போட்டேன். ஐந்து நாள் போனது. ஆறாம் நாள் சாயங்காலம் கூப்பிட்டேன், வந்து நின்றாள். கரண்டியைத் தொடவில்லை. "உப்பு போட மாட்டேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னாள். நீட்டி விளக்குவது அவளுக்கு வராது. ஒரு வாக்கியம் வைத்திருப்பாள், அதில் எல்லாம் அடங்கிவிட்டதாக நினைப்பாள். அதில் எல்லாம்தான் அடங்கியிருந்தது.

நான் என்ன நினைத்தேன்? பூட்ஸைப் பிடித்துக்கொண்டதுபோல இதையும் பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். ஐந்து நாளுக்குச் செய்ததை இனி ஆயுசுக்கும் செய்வாள், இப்போதே உடைக்காவிட்டால் அவளுக்கென்று இருந்த ஒரே வேலையும் போய்விடும் என்று பயந்தேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? தினமும் சாயங்காலம் சட்டிக்கு முன்னால் அவளைக் கொண்டுவந்து நிறுத்தினேன். தினமும் அவள் அதே வார்த்தையைச் சொன்னாள். கெஞ்சினேன், திட்டினேன். நிலக்கடலை வறுத்துத் தருகிறேன் என்று ஆசை காட்டினேன். லைசன் சோளம் அரைக்கிற மில்லில் வேலை செய்கிறவர், தலைமுடியிலிருந்து புருவம்வரை மாவோடு வந்து உட்கார்ந்து, இருமலுக்கு நடுவில் ஒரு சொல் சொன்னார். "விட்டுத் தொலையேன். ஒரு கரண்டி உப்பு, நீ போட்டா என்ன?" உங்களுக்கு என்ன தெரியும், போய் உங்கள் இருமலைப் பாருங்கள் என்றேன்.

நடுவில் பதினேழிலிருந்து இருபத்தொன்றுவரை எனக்கும் நிலா. அந்த ஐந்து நாளும் சட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், இரண்டு பேரும் உப்பைத் தொடவில்லை. லைசன் சிரித்துக்கொண்டே தன் தட்டில் தானே போட்டுக்கொண்டார், ஆத்தாளும் மகளும் சேர்ந்து வேலைநிறுத்தமா என்றார். நான் ஏன் தொடவில்லை என்று எனக்குத் தெரியும். எதிரே நின்றவளும் அதற்காகவேதான் தொடவில்லை என்று அப்போதுகூடத் தோன்றவில்லையே. கண்ணிருந்தும் குருடி என்றால் நான்தான்.

வேறு எத்தனையோ அடையாளங்கள் இருந்தன. ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தாள். ஆழ்குழாய்த் தண்ணீரைச் சுமந்து வருவது யார், உன் மாமனா என்று கத்தினேன். சின்ன வயதிலிருந்து கன்னத்தில் வைத்துத் தூங்குகிற நீலப் போர்வையைக் காணோம். எங்கே தொலைத்தாய் என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. நான் சந்தையில் தக்காளி விற்கிறேன், அவளும் கூடவே வந்து தக்காளிகளை அளவு பார்த்து அடுக்குவாள். அந்த மாதம் அடுக்காமல் பலகைக்கு அடியில் சுருண்டு படுத்துக்கொண்டாள். கரையான்புற்று மண்ணைப் பிட்டு வாயில் போட்டாள். அறையில் ஒரு வாடை இருந்தது, பக்கத்து வீட்டு ஆட்டின் வாடை என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பெயர்தான்: அவள் பழக்கம்.

ஜூன் முப்பதாம் தேதி லைசனின் அண்ணனும் அவர் பெண்சாதி நாபிரியும் தங்கள் மகனுடைய கல்யாணப் பேச்சுக்காக வந்தார்கள். நாபிரி வந்தால் முதலில் கூரையைப் பார்ப்பாள், பிறகு பானைகளைப் பார்ப்பாள், கடைசியில்தான் மனுஷர்களைப் பார்ப்பாள். கோழி அடித்தேன். குழம்பு கொதித்தது. அவள் சமையற்கட்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு லிம்பானியை மேலும் கீழும் பார்த்தாள். வளர்ந்துவிட்டாளே, சமைப்பாளா என்று கேட்டாள். உப்பு போடுவதில் அவளை அடிக்க இந்த ஊரில் ஆள் கிடையாது என்றேன். ஏன் சொன்னேன்? பெருமை. அந்த ஒன்றுதான் என்னிடம் இருந்தது, அதை எடுத்துக் காட்டினேன்.

"எங்க, போடட்டும் பாப்போம்" என்றாள் நாபிரி.

லிம்பானியைக் கூப்பிட்டேன். வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள், அதையும் பார்த்தேன். கரண்டியை நீட்டினேன்.

"உப்பு போட மாட்டேன்."

நாபிரி சிரித்தாள். "அப்ப இந்த வீட்டுல இவ உப்புக்குச் சப்பாணின்னு சொல்லு."

எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. இருபத்து மூன்று நாள் கோபம், பதினான்கு வருஷத்து வெட்கம், எல்லாம் கைக்கு வந்தது. கரண்டியில் உப்பை அள்ளி அவள் கைக்குள் திணித்தேன். அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். அவள் கத்தினாள். மற்றவர்கள் தொடுவதே அவளுக்கு நெருப்பு, எனக்கு அது தெரியும், ஆனாலும் பிடித்தேன். சட்டிக்கு மேலே இழுத்தேன். அவள் உடம்பையெல்லாம் பின்னுக்குத் தள்ளினாள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இவ்வளவுதானா பலம் என்று ஒரு நொடி தோன்றியது, தோன்றியும் விடவில்லை. அவள் கையைத் திருப்பினேன். உப்பு மொத்தமும் குழம்பில் விழுந்தது. கரண்டியும் விழுந்தது.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றேன்.

அவள் அழவில்லை. குழம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாப்பாடு பரிமாறினேன். உப்பு தூக்கலாக இருந்தது, நாபிரி அதையும் சொன்னாள். லைசன் இரண்டாவது கவளம் வாயில் வைத்ததும் இருமினார். தினமும் அந்த நேரத்தில் இருமுகிறவர்தான், மில் மாவு நெஞ்சில் உட்கார்ந்தால் அப்படித்தான். சுவரோரம் நின்ற லிம்பானி பாய்ந்துவந்து அவர் தட்டைத் தட்டிவிட்டாள். பெரியப்பா தட்டையும் தட்டிவிட்டாள். களியும் கோழியும் தரையில் சிதறின. விருந்தாளிகள் எழுந்துவிட்டார்கள். நான் அவள் கன்னத்தில் ஒன்று விட்டேன். அவள் அப்படியே உட்கார்ந்து சரிந்தாள். அவள் நின்றிருந்த இடத்தில் பாய் சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்து முதலில் ஓடிவந்தவள் நாபிரி. சும்மா சொல்லக்கூடாது, தன் புதுச் சிட்டெஞ்சேத் துணியை இடுப்பிலிருந்து அவிழ்த்து என் மகளைச் சுற்றியவள் அவள்தான்.

சைக்கிள் டாக்சிக்காரன் பின்னால் நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். லைசன் கூடவே ஓடிவந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா இருந்தாள், என் வயதுதான் இருக்கும். லிம்பானியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை. எத்தனை நாளாகப் போகிறது என்று என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன். தாயாருக்குத் தெரியாதா என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கட்டிலிலிருந்து லிம்பானிதான் சொன்னாள்.

"இருபத்தி மூணு."

நர்சம்மா அவள் பக்கம் திரும்பினாள். இருபத்து மூன்று நாளாக யாரிடமும் சொல்லவில்லையா என்று மெதுவாகக் கேட்டாள்.

"அம்மாகிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"உப்பு போட மாட்டேன்னு சொன்னேன்."

நர்சம்மாவும் எங்கள் ஊர்ப் பெண்தானே. அவளுக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அவள் ஊசியை எடுக்கப் போய்விட்டாள். நான் அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு சாயங்காலமும் என் முன்னால் வந்து நின்று, நாங்கள் கற்றுக்கொடுத்த வார்த்தையில், நாங்கள் கற்றுக்கொடுத்த முறையில், அவள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். சொல்லச் சொல்ல நான் அதட்டியிருக்கிறேன்.

வயதுக்கு வந்த புதிதில் சில பெண்களுக்கு இப்படி நிற்காமல் போகும், ஒரு வாரத்திலேயே கொண்டுவந்திருந்தால் மாத்திரையோடு முடிந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். இப்போது ரத்தம் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் பிள்ளை பிழைக்காது. லைசன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போனார். அடுத்த அறையில் அவரைப் படுக்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். கதவு திறந்திருந்தது. அவர் படுத்திருப்பது லிம்பானிக்குத் தெரிந்தது, அவர் இருமுவது கேட்டது. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கப் போனாள். பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நான் நின்றேன்.

"அப்பா சாகுறாங்க" என்றாள். "நான் உப்பு போட்டேன். அப்பா சாகுறாங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தட்டைத் தட்டிவிட்டது திமிர் இல்லை. அப்பனைக் காப்பாற்றியிருக்கிறாள். அதற்குத்தான் நான் அவளை அடித்தேன்.

மூன்று நாளில் உதிரம் நின்றது. அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பாயைத் தூக்கினால் அடியில் நீலப் போர்வை இருந்தது. முழுதாக இல்லை. சரிசமமான சதுரங்களாக வெட்டி, தோய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாள். ஒன்றும் காயவில்லை, ஓரங்களில் பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. துணியை யார் கண்ணிலும் காட்டாதே என்று அக்கா சொல்லியிருந்தாள், சொன்னபடி காட்டவில்லை. அவளுக்கென்று நான் வைத்த சிட்டெஞ்சேத் துண்டுகள் மொடமொடவென்று புதிதாகவே மூலையில் கிடந்தன. முரட்டுத் துணி உடம்பில் பட்டால் அவளுக்கு ஆகாது. அது ஊருக்கே தெரியும். சட்டையின் தையலைக்கூட வெளிப்பக்கம் திருப்பிப் போடுகிறவள். தனக்கு உலகத்தில் பிரியமான ஒன்றை வெட்டித்தான் அவளுக்கு வழி கிடைத்திருக்கிறது. நான் அந்த ஈரச் சதுரங்களை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். தாய் பார்க்கக் கூடாதாம். பார்த்தேன்.

லிம்பானியை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று டொரிகா அக்கா வந்தாள். வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். சாவு கீவு என்று என் பிள்ளையிடம் எதற்கடி சொன்னாய் என்று கேட்டேன்.

"எனக்குச் சொன்னதைத்தான் அவளுக்குச் சொன்னேன். உனக்கும் அதையேதான் சொன்னாங்க. பத்து சொன்னா நாம ரெண்டு வச்சுக்கிட்டு எட்ட விட்டுருவோம். உன் பொண்ணு பத்தையும் வச்சுக்குவான்னு நீ எனக்குச் சொன்னியா? வெளிய உக்காந்து கீரை தானடி ஆஞ்சே."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிப் போனது. நானே சொன்னேன், அதை நானே அவள் மனசிலிருந்து எடுத்துப் போடுகிறேன் என்று அக்கா உள்ளே போனாள். லிம்பானிக்கு முன்னால் உட்கார்ந்து, பெரியம்மா உனக்குச் சொன்னது பொய் என்றாள்.

லிம்பானி சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எது பொய்? எல்லாமா, அது ஒண்ணு மட்டுமா?"

எல்லாம் என்றால் துணியைத் துவைப்பது, இடம் பார்த்து உட்காருவது, ஆண்பிள்ளை கையைத் தொடவிடாமல் இருப்பது, எல்லாம் போய்விடும். ஒன்று மட்டும் என்றால் அந்த ஒன்று மட்டும் ஏன் என்று கேட்பாள். பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத என் அக்கா சிட்டெஞ்சே நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

நானாவது சொல்லலாம், உப்பெல்லாம் சும்மா என்று. ஆனால் என் நாள் வந்தால் இன்றைக்கும் என் கை உப்புப் பக்கம் போவதில்லை. போடலாம் என்று நினைப்பேன், கை எழாது. அதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். நானே நம்புகிற ஒன்றைப் பொய் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அதனால் வேறு வழியில் போனேன். ஒரு நாள் மத்தியானம் தக்காளி அடுக்கும்போது பேச்சை எடுத்தேன்.

"அன்னிக்கு உப்ப நீ போடல லிம்பானி. உன் கையைப் பிடிச்சு நான் போட்டேன். நான் அன்னிக்கு நிலாவுல இல்ல. அதனால அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது."

ஒரு தக்காளியைக் கையில் எடுத்தாள்.

"நீ ஜூன் பதினேழுல இருந்து இருபத்தொண்ணு வரைக்கும். முப்பதாம் தேதி இல்ல" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. பிறகு சொன்னாள். "உன் கை மேல இருந்துச்சு. என் கை கீழ இருந்துச்சு. கரண்டி என் கையில இருந்துச்சு."

தக்காளியை அதன் இடத்தில் வைத்தாள். பழியை நான் எடுத்துக்கொள்ளக்கூட அவள் கணக்கில் இடமில்லை.

இப்போது ஆறு மாதமாகிறது. இரும்புச்சத்து மாத்திரையும், உதிரத்தை ஒழுங்குபடுத்தும் மாத்திரையும் தினமும் களிக்குப் பிறகு தருகிறேன். சந்தையில் பழைய துணி மூட்டை பிரிக்கிறவனிடம் சொல்லிவைத்து மெத்தென்ற போர்வை ஒன்று வாங்கி, அவள் வெட்டிய அதே அளவுக்கு வெட்டினேன். துவைப்பது எப்படி, மாற்றுவது எப்படி என்று கதவைச் சாத்திக்கொண்டு நானே காட்டினேன், என் துணியை வைத்தே காட்டினேன். எல்லாவற்றையும் முற்றத்துக் கொடியில் வெயிலில் போடுகிறேன். மகள் துணியை ஊர் பார்க்கக் காயப்போடுகிறாளே என்று கொடிக்கு அந்தப் பக்கம் முணுமுணுத்தார்கள். எண்ண வேண்டுமென்றால் வந்து எண்ணிவிட்டுப் போங்கடி என்றேன். அப்புறம் சத்தமில்லை. லைசன் சாப்பாட்டு நேரத்தில் இருமல் வந்தால் எழுந்து கொல்லைக்குப் போய் இருமிவிட்டு வருகிறார். குளிரோ மழையோ, அவள் முன்னால் இருமுவதில்லை.

உப்புக்கரண்டியை நான் தினமும் பார்க்கிறேன். நிமிர்ந்திருந்தால் சரி. கவிழ்ந்திருந்தால் சுவரில் கரியால் ஒரு கோடு போடுகிறேன். ஏழாவது கோடு விழுந்தால் நர்சம்மாவிடம் போக வேண்டும். அவள் "உப்பு போட மாட்டேன்" என்று சொன்னால், சரி கண்ணு, எத்தனையாவது நாள் என்று கேட்கிறேன். சொல்கிறாள். இவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரே ஒரு கேள்வி.

சுத்தமான நாட்களில் அவளே வந்து கரண்டியில் உப்பெடுக்கிறாள், கத்தியின் முதுகால் வழித்து மட்டமாக்குகிறாள். ஆனால் சட்டியில் போடுவதில்லை. கரண்டியைப் பலகையில் வைத்துவிட்டு, போடு என்பதுபோல என்னைப் பார்க்கிறாள். நான் எடுத்துச் சட்டியின் நடுவில் கவிழ்க்கிறேன், மூன்று முறை தட்டுகிறேன். அதுவரை அவள் எனக்கு எட்டாத தூரத்தில் பின்வாங்கி நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறாள். நான் கரண்டியைக் கீழே வைத்த பிறகுதான் அவை முன்னால் வருகின்றன.